கற்பனைக் கதைத் திருவிழா: கண்டதும் கற்றதும்



சென்ற டிசம்பர்த் திங்களில் நம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர் பதினால்வரும், பெற்றோர் அறுவரும், ஆசிரியர் இருவரும் கோலாலம்பூருக்குச் சென்று வந்ததைத் தோட்டத்தில் அனைவரும் அறிவர். சுற்றுலா போனார்கள் என்றனர் சிலர். மாறுவேடம் பார்க்கப் போனார்கள் என்றனர் வேறு சிலர். "படிப்புக்கு உதவாத இடத்துக்குப் பிள்ளைகளை ஏன் அழைத்துப் போக வேண்டும்?" என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் நேரிடையாகவே வினவினார். அது நியாயமான கேள்வி. விடை கூறும் கடமை நமக்கு உண்டு. ஆகவே, அவ்விழா எத்தகையது, எவ்வாறு தோன்றியது, அங்கு நாம் என்ன கண்டோம், அதனால் நம் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்பவற்றை இம்மலரில் விளக்க விரும்புகின்றோம்.

அறிவியற் கதையும் மாயக் கதையும்

கற்பனைக் கதைகளில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. பேய், பூதம், தேவதை, மந்திரவாதி முதலியோர் நடமாடுவது மாயக் கதை. 1947ஆம் ஆண்டு தொடங்கிய 'அம்புலிமாமா' இதழில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் ஏறி அமர்ந்து கதை சொன்னதை நம் தோட்டத்துத் தாத்தா பாட்டிமார் நன்கறிவர். அது மாயக் கதை. அறிவியல் இன்று கண்டதை அடிப்படையாகக் கொண்டு, நாளை இவ்வாறு நடக்கலாம் என்று கூறுவது அறிவியற் கதை. எழுத்தாளர் சுஜாதா 1980களில் 'ஆனந்த விகடன்' இதழில் எழுதிய 'என் இனிய இயந்திரா' என்னும் தொடர்கதையில், ஜீனோ என்ற இயந்திர நாய் பேசியது, சிந்தித்தது. பொறியாளராகப் பணியாற்றிய அவர் அக்கதையைத் தம் துறையறிவைக் கொண்டே புனைந்தார்.

இத்தகைய கதைகள் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாகாது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ன் நிலவுக்குச் செல்லும் பயணத்தைப் பற்றி 1865இல் கதை எழுதினார். 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்தான். பின்னாளில் இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்ட ஆர்தர் கிளார்க், பூமியோடு ஒத்த வேகத்தில் சுற்றும் துணைக்கோள்கள் மூன்றின் வழியாக உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் கட்டுரை வரைந்தார். இன்று நம் வீட்டுக் கூரைமேல் வட்டத் தட்டு வைத்துத் தொலைக்காட்சி பார்ப்பது அத்தகைய துணைக்கோள்களின் உதவியால்தான்.

விழா தோன்றிய வரலாறு

ஒரே வகைக் கதைகளை விரும்பிப் படிப்போர் ஓரிடத்தில் கூடி, எழுதியவரைக் கண்டு, தம்முள் உரையாடுவதே இவ்விழாவின் கரு. அறிவியற் கதை வாசகர்களின் முதல் உலக மாநாடு 1939ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க் நகரில் நடைபெற்றது. வந்தவர் ஏறத்தாழ 200 பேரே. அக்கூட்டத்துக்கு பாரஸ்ட் அக்கர்மன் என்ற இளைஞர், எதிர்கால மனிதர் அணியும் உடை இதுவெனக் கற்பனை செய்த ஆடையொன்றை அணிந்து வந்தார். அதைத் தைத்துக் கொடுத்த மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணியும் அவ்வாறே உடுத்தி வந்தார். இன்று உலகெங்கும் பரவியுள்ள வேடமணியும் வழக்கத்துக்கு அவ்விருவரும் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றனர். போரின் காரணமாக 1942 முதல் 1945 வரை அம்மாநாடு நடைபெறவில்லை. 1953 முதல் சிறந்த படைப்புகளுக்கு ஹியூகோ விருது என்னும் பரிசும் வழங்கப்படலாயிற்று.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1970இல் தொடங்கிய படக்கதை விழாவுக்கு முதலில் சில நூறு பேரே வந்தனர். இன்று வருவோர் ஓர் இலட்சத்துக்கும் மேல். ஜப்பானின் தோக்கியோ நகரில் 1975இல் சுமார் 700 பேருடன் தொடங்கிய 'கொமிகெட்' விழா, பின்னர் பல இலட்சம் மக்கள் கூடும் விழாவாக வளர்ந்தது. அங்குப் பெரிய நிறுவனங்களைவிடத் தாமே வரைந்து, தாமே அச்சிட்டு, தாமே விற்கும் எளிய மனிதரே மிகுதி. வேடமணிதலைக் குறிக்கும் 'காஸ்பிளே' என்ற சொல்லும் 1980களில் ஜப்பானில் பிறந்ததேயாகும்.

நம் நாட்டில் 'காமிக் ஃபியெஸ்டா' என்ற விழா 2002இல் தொடங்கியது. படக்கதை, இயங்குபடம், கணினி விளையாட்டு ஆகிய மூன்றையும் விரும்புவோர்க்கான விழா அது. ஆண்டுதோறும் டிசம்பரில், பல்லாயிரவர் திரளும் பெருவிழாவாக இன்று அது வளர்ந்துள்ளது. நாம் சென்றதும் அவ்விழாவுக்கே.

பயணமும் காட்சியும்

பழைய தாள்களையும் புட்டிகளையும் மாணவர்கள் ஓராண்டு சேர்த்து விற்ற பணமே நுழைவுச் சீட்டுக்கு உதவியது. விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தோட்டத்தை விட்டு வேனில் புறப்பட்டோம். சுங்கை பூலோ நிலையத்தில் பசியாறிவிட்டு மின்ரயில் ஏறினோம். பிள்ளைகளுள் ஒன்பது பேருக்கு அதுவே முதல் ரயில் பயணம். இரட்டைக் கோபுரத்தின் அருகிலுள்ள மாநாட்டு மையத்தை அடைந்தபோது, வரிசை நம் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்கு நீண்டிருந்தது.

உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் வாயடைத்து நின்றனர். வெள்ளி நிறக் கவசமணிந்த வீரர் ஒருவர் மின்படியில் ஏறிக்கொண்டிருந்தார். சிறகு முளைத்த மங்கையர் தரையில் அமர்ந்து நாசி லெமாக் அருந்திக்கொண்டிருந்தனர். "ஐயா, இவர்களெல்லாம் யார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நம் தோட்டத்துக் கோயில் திடலில் அந்நாளில் விடிய விடியப் பொன்னர் சங்கர் கூத்து நடந்ததையும், பகலில் பால்மரம் சீவியவர் இரவில் அரசராக நின்றதையும் நினைவூட்டினோம். இவர்களும் அத்தகையோரே, நாளை அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் திரும்பிச் செல்வோர் என்று விளக்கினோம். அவர்களது கவசம் இரும்பன்று. தைக்கும் பஞ்சு அட்டையை வெட்டி, சூடுகாட்டி வளைத்து, வண்ணம் பூசியது. அதைச் செய்து முடிக்க மூன்று மாதம் ஆயிற்று என்றார் ஓர் இளைஞர்.

மண்டபத்தின் பெரும்பகுதியில் சிறு மேசைகள் வரிசை வரிசையாக இடப்பட்டிருந்தன. ஒவ்வொரு மேசையிலும் ஓர் ஓவியர் தம் கைப்பட வரைந்த படங்களையும் கதைநூல்களையும் பரப்பி வைத்திருந்தார். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எனப் பல இனத்து இளைஞரும் அங்கிருந்தனர். ஆயினும், கூட்ட மிகுதியால் எல்லா வரிசைகளையும் காண இயலாத நாம், சுற்றிய வரிசைகளில் தமிழில் எழுதிய நூல் ஒன்றையேனும் காணவில்லை. அது நம் நெஞ்சை உறுத்தியது.

ஒரு புத்தகத்தின் கதை

இவ்விடத்தில் நம் தவறு ஒன்றையும் கூறியாக வேண்டும். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து, இளம் ஆசிரியராக இப்பள்ளியில் நாம் பணியாற்றிய நாளில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கணிதப் பாடவேளையில் மேசைக்கடியில் 'இரும்புக்கை மாயாவி' படக்கதையைப் படித்துக்கொண்டிருந்தான். சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய 'முத்து காமிக்ஸ்' வரிசையின் முதல் நூல் அது. அவன் சிற்றப்பா அரிதின் காத்து வைத்திருந்த படி. நாம் அதனைப் பறித்து அலமாரியில் பூட்டினோம். ஆண்டிறுதியில் திருப்பித் தருவதாகக் கூறினோம், மறந்தோம். பின்னர் வேறு பள்ளிகளுக்கு மாற்றலாகிச் சென்றோம்.

அம்மாணவர் இன்று நம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. அவர்தம் மகள் நம்முடன் வந்த ஆறாம் ஆண்டு மாணவியருள் ஒருத்தி. பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் படம் வரைபவள். கம்போங் குவாந்தான் மின்மினிகளின் அரசி ஒருத்தி, சிலாங்கூர் ஆற்றைக் காக்கும் கதையொன்றை அவள் வரைந்து வருகின்றாள். "படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று கேட்டு வந்த தந்தை, மகளைத் தனியே அனுப்ப மனமின்றியே உடன் வந்தார். ரயிலில் நம் அருகே அமர்ந்து, "ஐயா, அந்த மாயாவி புத்தகத்தை இன்னும் நீங்கள் திருப்பித் தரவில்லையே!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. "அதற்குப் பிறகு நீ என்ன படித்தாய், தம்பி?" என்று கேட்டோம். "அதோடு சரி ஐயா" என்றார்.

மண்டபத்தில் ஒரு பெண் ஓவியரின் மேசை முன் அச்சிறுமி நெடுநேரம் நின்றாள். தந்தை மலாய்மொழியில் அவ்வோவியரிடம் விலையையும் வருவாயையும் விசாரித்தார். அவரும் ஒளிக்காமல் விடை கூறினார். அச்சுக்கூலி, மேசை வாடகை ஆகியவை போக முதலிரண்டு ஆண்டுகள் கையிழப்பே ஏற்பட்டதாம். வார நாள்களில் விளம்பர நிறுவனமொன்றில் படம் வரைந்து சம்பளம் பெறுவதாகவும், இந்நூல் தம் மனநிறைவுக்காகச் செய்வதென்றும் கூறினார். பின்னர் சிறுமியின் புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "நீ வரைந்த மனிதர் எல்லாரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கிறார்களே, ஏன்?" என்று கேட்டார். கை வரையத் தெரியாது என்றாள் சிறுமி. "கைதான் மிகக் கடினம். மறைக்காதே. உன் வீட்டில் உள்ளவர்களின் கைகளைப் பார்த்து நாள்தோறும் ஒன்று வரை" என்றார் அவர்.

செல்வோர் அறிய வேண்டுவன

இனி இத்தகைய விழாவுக்குச் செல்ல விரும்பும் பெற்றோர்க்குச் சில குறிப்புகள்:

நுழைவுச் சீட்டை முன்னதாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். வரிசையில் நிற்கும் நேரம் மிகுதியாதலால், வயதானோரும் சிறு குழந்தைகளும் களைத்துப்போவர். தண்ணீரும் பலகாரமும் கையிலிருத்தல் நலம்.

வேடமணிந்தோரைப் படம் பிடிக்குமுன் அவரது இசைவைக் கேட்க வேண்டும். அவர் உடையைத் தொடுதல் கூடாது. கூரிய ஆயுதங்களை இத்தகைய விழாக்களில் அனுமதிப்பதில்லை. வேடத்துக்கேற்ற வாளும் கூர்மையற்றதாகவே இருத்தல் வேண்டும்.

எல்லா நூல்களும் சிறுவர்க்கு உரியன அல்ல. பிள்ளைகள் எதை எடுத்துப் பார்க்கின்றனர் என்பதைப் பெற்றோர் உடனிருந்து கவனிப்பது அவசியம். செலவுக்கு இவ்வளவுதான் என்று வீட்டிலேயே வரையறுத்துக்கொள்வதும் நன்று.

கூட்டத்தில் பிரிந்துவிட்டால் சேர வேண்டிய இடத்தை முதலிலேயே குறித்துக்கொள்க. நம் மாணவன் ஒருவன் இயந்திர மனித வேடமணிந்தவரைப் பின்தொடர்ந்து காணாமற் போனான். அவன் மணிக்கட்டில் ஆசிரியரின் தொலைபேசி எண்ணை எழுதியிருந்தமையால், தன்னார்வலர் ஒருவரின் உதவியால் கால்மணி நேரத்தில் கிடைத்தான். அந்தக் கால்மணி நேரம் நாம் பட்ட பாடு நமக்கே தெரியும்.

பயன் யாது?

பயன் என்ன என்று வினவிய பெற்றோர்க்கு நம் வட்டாரத்து வரலாறு ஒன்றையே விடையாகத் தருகின்றோம். கோல சிலாங்கூருக்கு அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, செம்பனையை முதலில் தம் இல்லத்துக்கு அழகு செய்யும் மரமாகவே நட்டார். பின்னர் 1917இல் தெனமாரம் தோட்டத்தில் அதனை வாணிக நோக்கில் பயிரிட்டார். இந்நாட்டில் அவ்வாறு பயிரிட்ட முதல் தோட்டம் அதுவே. அழகுக்கு நின்ற மரம் இன்று நமக்குச் சோறு போடுகின்றது. அதே மனிதர் எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930இல் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசையும் பெற்றது. நம் நாட்டில் பிறந்து வளர்ந்த, சட்டம் பயின்ற ஸென் சோ என்னும் எழுத்தாளர், 2019இல் ஹியூகோ விருதை வென்றார். அவ்வெற்றிக் கதையின் நாயகன், மீண்டும் மீண்டும் தோற்றும் முயற்சியைக் கைவிடாத ஒரு பாம்பு!

ஓவியம் கற்றவரெல்லாம் செல்வராவர் என்று நாம் கூறவில்லை. அந்த ஓவியர் கூறிய நட்டக் கணக்கையும் மறைக்காமல் மேலே எழுதியுள்ளோம். படிக்கும் ஆர்வம் ஒரு பிள்ளையிடம் தானாக முளைக்கும்போது, அதனைக் கிள்ளிவிடலாகாது என்பதே நம் கருத்து. ஒருமுறை கிள்ளிய கை நம்முடையது. ஆதலால் இதனைச் சொல்ல நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

பள்ளி மீண்டும் திறந்த முதல் வாரச் சபைகூடலில் அந்தத் தந்தையை அழைத்து, பண்டக அறையின் பழைய பெட்டியில் தேடியெடுத்த மாயாவி நூலை அனைவர் முன்னிலையிலும் திருப்பிக் கொடுத்தோம். அவர் அதனை மகளிடம் தந்தார். அவள் படித்து முடித்தபின் நம் நூலகத்துக்கே அன்பளிப்பாக வழங்கிவிட்டாள்.

இம்மலரின் அட்டையில் நீங்கள் காணும் ஓவியம் அம்மாணவி வரைந்ததே. நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டும் இரு கைகள். அவை அவள் தந்தையின் கைகள். நாற்பத்தோராவது முயற்சியில் சரியாக அமைந்தது என்றாள்.

இனி வெள்ளிதோறும் மாலை மூன்று முதல் ஐந்து மணி வரை நம் நூலகத்தின் கதைப் பகுதி திறந்திருக்கும். பெற்றோரும் வரலாம், வீட்டிலுள்ள பழைய கதைநூல்களையும் கொண்டுவந்து தரலாம். மாணவர்கள் எழுதி வரையும் தமிழ்க் கதைகளைத் தொகுத்து நூலாக்கும் பணியும் தொடங்கிவிட்டது. அந்நூலோடு என்றேனும் ஒரு டிசம்பரில் அம்மண்டபத்தின் மேசையொன்றில் நம் பிள்ளைகள் அமர வேண்டும் என்பதே நம் அவா. அதற்குத் தோட்டத்துப் பெருமக்கள் அனைவரும் துணை நிற்க வேண்டுகின்றோம்.



தலைமையாசிரியர்