வித்தெண்ணெய்ப் பெயர்களும் கொழுப்பமிலங்களும்: எல்லைப்புற மொழிபெயர்ப்பை முன்வைத்து

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் அமைந்துள்ள அத்திபெலே, கருநாடகத்தின் எல்லையூராகும். அதனைக் கடந்ததும் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டம் தொடங்குகிறது. கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இப்பகுதியில் ஒரே வித்து வெவ்வேறு பெயர்களைப் பெறுகிறது. வெவ்வேறு வித்துகள் ஒரே பெயரையும் பெறுகின்றன. எண்ணெய் வித்துகளைப் பற்றிய வேளாண் குறிப்புகளையும் உணவுப்பொருள் விவரச்சீட்டுகளையும் மொழிபெயர்ப்போர்க்கு இந்நிலை இடர் விளைப்பதாகும். பெயர் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லவில்லை என்பதை வித்தெண்ணெய்களின் வேதியியல் கூறுகளைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

1. எண்ணெயின் அமைப்பு

வித்தெண்ணெயின் பெரும்பகுதி டிரைகிளிசரைடு ஆகும். அதாவது, ஒரு கிளிசராலுடன் மூன்று கொழுப்பமிலங்கள் இணைந்த மூலக்கூறு. கொழுப்பமிலம் கார்பன் அணுக்களாலான சங்கிலி. அதில் இரட்டைப் பிணைப்பு இல்லையெனில் அது நிறைவுற்றது. ஒன்றோ பலவோ இருப்பின் நிறைவுறாதது. நிறைவுற்றவை மிகுந்த எண்ணெய் எளிதில் உறையும். நிறைவுறாதவை மிகுந்தது நீர்மமாகவே நிற்கும். ஆயின், காற்றுப்பட்டு விரைவில் காறிப்போகும். எவ்வமிலம் எவ்வளவு என்பதே ஓர் எண்ணெயின் பயனைப் பெரிதும் வரையறுக்கிறது.

2. அமிலப் பெயர்கள்

தமிழில் எள், நெய் என்னும் இரு சொற்கள் இணைந்து எண்ணெய் ஆயின. எள்ளின் நெய்யைக் குறித்த சொல் பின்னர்ப் பொதுப்பெயராகப் பொருள் விரிந்தது. இதனாலேயே எள்ளின் எண்ணெயைத் தனித்துச் சுட்ட நல்லெண்ணெய் என்னும் பெயர் வேண்டியதாயிற்று. கன்னடத்தில் அதனை எள்ளெண்ணெ என்பர். சொற்பிறப்பு நோக்கில் எள் அங்கு இருமுறை வருகிறது. இலத்தீனில் எண்ணெயைக் குறிக்கும் ஓலியம் என்னும் சொல்லும் ஆலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின்வழி வந்ததே.

அவ்விலத்தீன் சொல்லிலிருந்து ஒலீயிக் அமிலம் பெயர்பெற்றது. எனினும் அது ஆலிவுக்கு மட்டும் உரியதன்று. விலங்குக் கொழுப்புகளை ஆராய்ந்து 1823-ல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு வேதியியலார் ஷெவ்ரோல் அதனை அக்கொழுப்புகளிலேயே கண்டு விளக்கினார். லாரிக் அமிலம் லாரல் மரத்தின் பெயரைத் தாங்கியது. ஆயின் நாமறிந்த தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி அதுவே. அராக்கிடிக் அமிலம் நிலக்கடலையின் தாவரவியற் பெயரான அராக்கிஸ் என்பதிலிருந்து வந்தது; ஆனால் நிலக்கடலை எண்ணெயில் அது ஓரிரு விழுக்காடே உள்ளது. பெஹெனிக் அமிலத்தின் பெயர் முருங்கை விதையெண்ணெயின் பழம்பெயரை ஒட்டியது. அவ்வெண்ணெயிலோ மிகுந்திருப்பது ஒலீயிக் அமிலம். ஆகவே அமிலப்பெயர் அது கண்டறியப்பட்ட வரலாற்றைச் சுட்டுமேயன்றி, அது மிகுந்துள்ள இடத்தைச் சுட்டும் என்பதற்கு உறுதியில்லை.

3. வித்துப் பெயர்கள்

கன்னட ஹுச்செள்ளு என்பதற்குப் பித்து எள் என்பது நேர்ப்பொருள். தமிழில் இது பேயெள் எனவும் உச்செள் எனவும் வழங்கும். பெயரில் எள் இருப்பினும் இது எள்ளின் இனமன்று. சூரியகாந்தியின் குடும்பத்தைச் சார்ந்தது. எத்தியோப்பியாவைத் தாயகமாகக் கொண்டது. எள்ளெண்ணெயில் ஒலீயிக்கும் லினோலீயிக்கும் ஏறக்குறைய ஒத்த அளவினவாக உள்ளன. பேயெள்ளில் லினோலீயிக் அமிலமே மேலோங்கும். எத்தியோப்பிய விதைகளில் அது 70 விழுக்காட்டையும் கடக்கும். நல்லெண்ணெயைக் காறாமற் காக்கும் செசமோலின் போன்ற பொருள்கள் எள்ளுக்கே சிறப்பாக உரியவை. எனவே பேயெள்ளெண்ணெயை எள்ளெண்ணெய் எனப் பெயர்த்தல் பொருளையே மாற்றிவிடும்.

தமிழ்ப் புங்கு கன்னடத்தில் ஹொங்கெ ஆகும். சொன்முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்தமைக்கு இது நல்ல சான்று. (இலுப்பையைக் குறிக்கும் ஹிப்பெ என்பதன் ஹகரம் இவ்வகையினதன்று, இப்பெ என்பதே அதன் பழைய வடிவம்.) புங்கெண்ணெயில் பாதியளவோ அதற்கு மேலோ ஒலீயிக் அமிலமே. அமிலப் பட்டியலை மட்டும் காண்போர் அதனை ஆலிவெண்ணெய்க்கு நெருங்கியதெனக் கருதக்கூடும். ஆயின் கரஞ்சின் முதலிய கசப்புப் பொருள்கள் உடன்கலந்திருத்தலால் அது உணவுக்காகாது. விளக்குக்கும் சவர்க்காரத்துக்கும் உயிரி டீசலுக்கும் உரியது.

ஆமணக்கெண்ணெயைத் தமிழர் பயன் நோக்கி விளக்கெண்ணெய் என்றனர். கன்னடத்தார் வித்தை நோக்கி ஹரளெண்ணெ என்றனர். இதன் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு ரிசினோலீயிக் அமிலமாகும். அதன் சங்கிலியிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியே எண்ணெயின் மிகுந்த பாகுத்தன்மைக்குக் காரணம். இன்று இது மசகுப்பொருளாகவும் நைலான்-11 செய்வதற்குரிய மூலப்பொருளாகவும் பயன்படுகிறது. விளக்கெண்ணெய் என்னும் பெயர் இத்தொழிற் பயன்களைக் காட்டுவதில்லை.

இவற்றினும் கருதத்தக்கது கடலை. கன்னடத்தில் கடலெ என்பது கொண்டைக்கடலை. நிலக்கடலை கடலெகாயி எனப்படும். தமிழில் கடலை என்பது இரண்டையும் குறிக்கும். கடலை எண்ணெய் என்றாலோ நிலக்கடலையினுடையதே. நிலக்கடலை ஒவ்வாதவர்க்கு உயிரிடரும் நேரக்கூடுமாதலின், விவரச்சீட்டில் வெறுமனே கடலை என எழுதுதல் போதாது.

4. மொழிபெயர்ப்பு நெறிகள்

மேற்கண்டவற்றால் மூன்று நெறிகள் பெறப்படும். முதலாவது, வித்தின் வட்டாரப் பெயரோடு தாவரவியற் பெயரையும் தருதல். இரண்டாவது, அமிலப் பெயர்களை ஒலிபெயர்த்தல். ஒலீயிக்கை ஆலிவ் அமிலம் எனின் புங்கிலும் ஆலிவ் உண்டென்னும் மயக்கம் தோன்றும். மூன்றாவது, ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரு கருத்துகளைத் தமிழில் வேறுபடுத்துதல். மேலும் கரைக்கவியலாத கரைசல் தெவிட்டியது. இரட்டைப் பிணைப்பில்லாத சங்கிலி நிறைவுற்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் காட்டும் இவ்வேறுபாடு போற்றத்தக்கது. இலங்கை வழக்கான நிரம்பிய, நிரம்பாத என்பனவும் தெளிவானவையே. ஒரு நூலுள் ஒன்றையே ஆளுதல் வேண்டும்.

வித்துக்குப் பெயரிட்டோர் தோற்றத்தையும் பயனையும் நோக்கினர். அமிலத்துக்குப் பெயரிட்டோர் தாம் கண்ட மூலத்தை நோக்கினர். இவ்விரு பெயரீட்டு மரபுகளையும் தனித்தனியே அறிந்து ஆளும் மொழிபெயர்ப்பே எல்லையின் இருபுறத்தார்க்கும் பயன்படும்.