தூத்துக்குடி வீடுகளில் கூரைச் சூரிய மின்சாரம்: அனுமதியும் தேவைகளும்

கூரைச் சூரிய மின் அமைப்பு என்பது வீட்டு மொட்டை மாடியில் சூரியத் தகடுகளைப் பொருத்தி, கிடைக்கும் மின்சாரத்தை வீட்டிற்குப் பயன்படுத்திக்கொண்டு, மிஞ்சியதை மின்வாரியக் கம்பிக்கு அனுப்பும் ஏற்பாடாகும். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் உப்பு விளைய உதவும் வெயில், மின்சாரத்திற்கும் உதவுகிறது. ஆனால் அங்கு வீசும் உப்புக் காற்று இரும்பை அரிக்கிறது. ஆகவே தூத்துக்குடி, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் அனுமதி பெறுவதோடு பணி முடிந்துவிடுவதில்லை.

திட்டமும் மானியமும்

'பிரதமரின் சூரிய வீடு: இலவச மின்சாரத் திட்டம்' 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 1 கோடி வீடுகள் இதன் இலக்கு. 1 கிலோவாட் அமைப்புக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாயும் மானியமாகக் கிடைக்கும். விண்ணப்பிப்பவருக்குச் சொந்தக் கூரையும் முறையான மின் இணைப்பும் இருக்க வேண்டும். முன்பு சூரியத் தகடுகளுக்கு மானியம் பெற்றவராக இருக்கக் கூடாது. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் நிழல் விழாத இடம் தேவை.

அனுமதி பெறும் வரிசை

1. திட்டத்தின் தேசிய இணையவாயிலில் மின் இணைப்பு எண்ணுடன் பதிவு செய்து விண்ணப்பிக்க வேண்டும்.

2. விண்ணப்பம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திற்குச் செல்லும். 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 10 கிலோவாட் வரை தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை.

3. இணையவாயிலில் பதிவு பெற்ற விற்பனையாளர் மூலமாக மட்டுமே அமைப்பைப் பொருத்த வேண்டும். மானியம் பெறும் அமைப்பின் தகடுகள் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும்.

4. பணி முடிந்ததும் இருவழி மீட்டருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரிகள் பார்வையிட்டு மீட்டர் பொருத்திய பின்னரே அமைப்பு இயங்கத் தொடங்கும்.

5. இறுதியாக வங்கிக் கணக்கு விவரங்களைப் பதிவேற்றினால் மானியம் கணக்கில் சேரும்.

இந்த வரிசை முக்கியமானது. விலை குறைவு என்று பதிவு பெறாதவரிடம் முதலில் வாங்கிப் பொருத்திவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் மானியம் கைவிட்டுப் போகும்.

கடலோரத்திற்கான தேவைகள்

தகடுகள் உப்புப் பனியைத் தாங்குமா என்பதைச் சோதிக்கும் பன்னாட்டுத் தரம் ஐ.இ.சி. 61701 ஆகும். இச்சான்று உண்டா என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும். தாங்கு சட்டங்கள் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பாகவோ அலுமினியமாகவோ இருப்பது நல்லது. சாதாரண இரும்புப் போல்ட்டு அலுமினியச் சட்டத்தைத் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிப்பு விரைவாகும். அதனால் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுகள் தேவை. எர்த் இணைப்பையும் இடிதாங்கியையும் ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும்.

தகடுகளின் மேல் படியும் உப்பும் தூசியும் மின் உற்பத்தியைக் குறைக்கும். காலையில் தகடுகள் சூடாவதற்கு முன் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்பு கலந்த கிணற்று நீர் காய்ந்தால் மீண்டும் வெள்ளைப் படலமே மிஞ்சும்.

மின்தடையில் என்ன ஆகும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. இத்தகைய காலத்தில் கூரை மின்சாரம் கைகொடுக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் மின்வாரியக் கம்பியுடன் மட்டும் இணைந்த அமைப்பு, மின்தடை ஏற்பட்டதும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். பேட்டரிக்கு இத்திட்டத்தில் மானியம் இல்லை.

இன்வெர்ட்டரைத் தரைத்தளத்தில் பொருத்தினால், முன்பு வெள்ளம் ஏறிய மட்டத்திற்கு மேலே பொருத்த வேண்டும். விற்பனையாளர் 5 ஆண்டுப் பராமரிப்புக்குப் பொறுப்பாவதால், ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்த பின்பே கையெழுத்திட வேண்டும்.