பழைய காற்பந்து வட்டு

பேராக் ஆறு கடலொடு கலக்குமிடத்தில், தென்னந்தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் பாகான் டத்தோ. அங்கு ஒருவர், தாம் இளமையில் ஆடிய காற்பந்து நிகழ்பட ஆட்டத்தை மீண்டும் எடுத்து ஆடுகின்றார் எனக் கொள்க. அது ஜப்பானியக் கொனாமி நிறுவனம் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘புரோ எவல்யூஷன் சாக்கர்’ எனும் ஆட்டம்.

அதில் பிரேசில் நாட்டு வீரர் ராபர்ட்டோ கார்லோஸ், ‘ராபர்ட்டோ லார்கோஸ்’ எனக் காணப்படுவார். சிறுவர் இதனைப் பிழையென எண்ணிச் சிரித்திருப்பர். இது பிழையன்று. உண்மைப் பெயரை ஆளும் உரிமை பெறாமையின், நிறுவனம் எழுத்தை இடம் மாற்றி அமைத்தது. தமிழில் எழுதினும் ககரமும் லகரமும் இடம் மாறி நிற்றல் புலனாகும். பெயர் மறைந்தது, ஆள் மறையவில்லை. அவ்வீரர் ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆகியும், வட்டில் இளமை குன்றாது ஓடுகின்றார்.

ஆதலின் பழைய வட்டும் தன் காலத்தைக் காட்டும் ஒரு சுவடியே எனலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஓலைச்சுவடியைப் படிக்கக் கண்ணும் பயிற்சியும் போதும். வட்டைப் படிக்கவோ அதற்குரிய பொறியும் வேண்டும். இவ்வாட்டத்திற்குரிய பிளேஸ்டேஷன் 2, 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் உற்பத்தி 2013 இல் நின்றது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான நிகழ்பட ஆட்டங்களுள் நூற்றுக்கு 87 இப்போது விற்பனையில் இல்லை என 2023 ஆம் ஆண்டின் ஆய்வொன்று கண்டது.

ஏடு தேடிய பெரியோர் ஏட்டை மட்டும் காத்தனர். ஆட்டத்தைக் காக்க விழைவோர், வட்டையும் பொறியையும் சேர்த்தே காத்தல் வேண்டும்.