இசையரங்கும் கேட்போரும்

செவி வழியாக மனிதன் பெறும் இன்பங்களுள் தலைசிறந்தது இசையின்பம். அவ்வின்பத்தைப் பெறுவது இன்று எளிது. சட்டைப்பையில் அடங்கும் கைப்பேசி ஒன்று இருந்தால் போதும். நேற்றுப் பாடியவரும், நூறாண்டுக்கு முன் பாடியவரும் நாம் விரும்பியவுடன் வந்து பாடுகின்றனர். அங்ஙனமிருந்தும், மார்கழித் திங்கள் வந்ததும் ஆயிரக்கணக்கான மக்கள் பனியையும் நெரிசலையும் பொருட்படுத்தாமல் சென்னை நகரத்து இசையரங்குகளை நாடிச் செல்கின்றனர். வீட்டிலிருந்தபடியே கிடைக்கும் ஒன்றைத் தேடி இவர்கள் ஏன் இத்துணைத் தொலைவு செல்லுதல் வேண்டும்? அரங்கில் அவர்கள் பெறுவது யாது? இவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

சென்னையின் மார்கழி இசைவிழாவிற்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. 1927-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இந்திய தேசியக் காங்கிரசின் பேரவை சென்னையில் கூடியது. அதனையொட்டி அனைத்திந்திய இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அம்மாநாட்டின் பயனாக 1928-இல் சங்கீத வித்வத் சபை என்னும் மியூசிக் அகாதெமி தோன்றியது. பின்னர், தமிழ்ப் பாடல்களுக்கு அரங்கில் உரிய இடம் வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் முதலியோர் முயற்சியால் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. இவை போன்ற சபைகள் பல இன்று நகரெங்கும் விழா எடுக்கின்றன. 2017-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் சென்னையை இசைக்குரிய படைப்பாக்க நகரமாக ஏற்றுக்கொண்டது.

விழாவின் இன்பம் விழா நாளில்தான் தொடங்குகிறது என்று எண்ணுதல் தவறு. நிகழ்ச்சி நிரல் வெளிவந்த நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. இசையன்பர் அந்நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னார் பாட்டு இன்ன நாள் என்று கோடிடுவார். ஒரே மாலையில் இரண்டு அரங்குகளில் இருவர் பாடினால், எதனை விடுவது என்று வருந்துவார். சென்ற ஆண்டு பாடாது விட்ட இராகத்தை இவ்வாண்டேனும் பாடுவாரா என்று ஏங்குவார். பசித்தவனுக்கே உணவின் சுவை தெரியும். அதுபோலக் காத்திருந்த செவிக்கே இசையின் சுவை முழுமையாக விளங்கும்.

நகரத்திற்கு வடக்கே கும்மிடிப்பூண்டி என்னும் ஊர் உள்ளது. அங்கே இரும்பும் எஃகும் உருக்கும் ஆலைகள் பல. அவ்வூரிலிருந்து புறப்படும் மின்சார ரயில் பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் முதலிய நிலையங்களைக் கடந்து சென்னையை அடைகிறது. வழியெல்லாம் புகைபோக்கிகளும் பண்டகசாலைகளும் காட்சி தருகின்றன. இவ்வண்டியில் நாள்தோறும் செல்லும் தொழிலாளருள் பலர், 'கச்சேரி என்பது நகரத்துச் செல்வர்க்கு உரியது. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்று எண்ணுகின்றனர். அவர்தம் பிள்ளைகளும் அவ்வாறே எண்ணி வளர்கின்றனர். இவ்வெண்ணம் சரியானதா? இப்பகுதியின் பழைய வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

திருவொற்றியூருக்கு மேற்கே மணலி என்னும் ஊர் இருக்கிறது. எண்ணெய் தூய்மை செய்யும் பெரிய ஆலையால் இன்று பெயர் பெற்றது அவ்வூர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அது இசைவாணரைப் புரந்த ஊராக விளங்கியது. கிழக்கிந்தியக் கும்பெனியாரிடம் துபாசியாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், திருவாரூரில் வாழ்ந்த இராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அழைத்து வந்து மணலியில் வாழச் செய்தார். அவருடைய மக்களே முத்துசாமி தீட்சிதரும் அவர்தம் இளவல் பாலுசாமி தீட்சிதரும். முதலியாரின் மைந்தர் சின்னைய முதலியார் அவ்விளைஞர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்றார். அங்கு அவர்கள் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டனர். கேட்ட மெட்டுகள் முத்துசாமி தீட்சிதர் நெஞ்சில் பதிந்தன. அவற்றிற்கு அவர் வடமொழிச் சொற்களை அமைத்துப் பாடல்களாக்கினார். ஆங்கில நாட்டு வணக்கப் பாடலின் மெட்டும் அவற்றுள் ஒன்று.

பாலுசாமி தீட்சிதரோ, ஐரோப்பியர் வாசித்த பிடில் என்னும் வயலினில் மனத்தைப் பறிகொடுத்தார். ஓர் ஐரோப்பியரிடமே அதனைக் கற்றார். மேனாட்டார் நின்றுகொண்டு தோளில் ஏந்தி வாசித்த கருவி, நம் நாட்டில் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் கணுக்காலின்மேல் ஊன்றி வாசிக்கும் கருவியாயிற்று. நரம்புகளின் சுருதியும் நம் பாட்டிற்கு ஏற்ப மாறியது. தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் இக்கருவியைப் போற்றி வளர்த்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. அக்கருவி நம் இசையுள் புகுந்த வாயில்களுள் ஒன்று, இன்று ஆலைப்புகை சூழ்ந்து நிற்கும் மணலி ஆகும்.

அம்மட்டோ? தியாகராசர் திருவொற்றியூருக்கு வந்து, அங்குக் கோயில்கொண்ட அம்மையின்மீது கீர்த்தனைகள் இயற்றினார். முத்துசாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைப் பாடியது திருத்தணிகை மலையில் என்பர். அத்திருத்தணி இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே, இசை இப்பகுதி மக்களுக்கு அயலார் சொத்து அன்று. அவர்தம் மண்ணில் வளர்ந்த முதுசொம் ஆகும்.

இனி, அரங்கு வளர்ந்த வகையைக் காண்போம். இசைக்கு அரங்கு அமைப்பது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மேடையின் அளவையும், பாடுவோன், குழலோன், யாழோன், மத்தளம் முழக்குவோன் ஆகியோர்தம் இலக்கணத்தையும் விரிவாகக் கூறுகிறது. பிற்காலத்தில் இசை அரசர் அவையிலும் கோயிலிலும் வளர்ந்தது. அவையில் கேட்டோர் சிலர். கோயில் திருவிழாவில் நாகசுரம் வீதியில் முழங்கியதால் கேட்டோர் பலர். அரசர் ஆதரவு குறைந்தபின், பொதுமக்கள் கூடிப் பொருள் ஈட்டிச் சபைகளை அமைத்தனர். சீட்டு வாங்கிய எவரும் உள்ளே வரலாம் என்னும் முறை இங்ஙனம் பிறந்தது.

கேட்போர் பெருகியதும் பாடும் முறையும் மாறியது. ஒலிபெருக்கி வருமுன், கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் கேட்கும்படி பாடகர் உச்சக் குரலில் பாட நேர்ந்தது. ஒலிபெருக்கி வந்தபின் மெல்லிய நுட்பங்களும் எல்லோர் செவிக்கும் எட்டின. ஒரே பல்லவியை நெடுநேரம் விரித்துப் பாடும் வழக்கமும் குறைந்தது. அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967) பல பாடல்களை அளவோடு வரிசைப்படுத்திப் பாடும் முறையை வகுத்தார். இன்றைய கச்சேரி பெரும்பாலும் அவர் காட்டிய நெறியிலேயே நடக்கிறது.

அந்நெறியைச் சுருங்கக் கூறுவோம். முதலில் தம்புராவின் சுருதி எழுகிறது. பெரும்பாலும் வர்ணம் ஒன்றோடு நிகழ்ச்சி தொடங்கும். பின்னர்க் கீர்த்தனைகள் வரும். அவற்றுள் ஒன்று தலைமைப் பாடலாக நிற்கும். அதற்கு முன் பாடகர், சொல்லும் தாளமும் இன்றி இராகத்தின் வடிவத்தை மட்டும் குரலால் எழுதிக் காட்டுவார். இதுவே ஆலாபனை. பாடலின் ஓரடியை எடுத்துக்கொண்டு, சொல் மாறாமல் இசையை மட்டும் புதுப்புது வகையாக நிரப்பிப் பாடுவது நிரவல். ச, ரி, க முதலிய சுரங்களைக் கற்பனையால் கோத்துப் பாடுவது கற்பனைச் சுரம். அப்போது பாடகர் தொடுக்க, வயலின் வாசிப்பவர் விடை கூறுவார். இறுதியில் மிருதங்கமும் கடமும் தனித்து முழங்கும் தனி ஆவர்த்தனம். சில அரங்குகளில் இராகம், தானம், பல்லவியும் இடம்பெறும். பிறகு திருப்புகழ், விருத்தம், தில்லானா போன்ற சிறு பாடல்கள். மங்களத்தோடு அரங்கு நிறைவெய்தும்.

இவற்றுள் ஆலாபனையும் நிரவலும் கற்பனைச் சுரமும் முன்னரே எழுதி வைக்கப்படுவன அல்ல. மேடையில் அந்நொடியிலேயே பிறப்பவை. ஒருவரே ஒரே பாடலை இரண்டு நாள் பாடினும், அவ்விரண்டும் ஒன்றாக இரா. ஒலிப்பதிவில் நாம் கேட்பது என்றோ பூத்த மலரின் ஓவியம். அரங்கில் காண்பதோ மலர் மலரும் காட்சி.

அம்மலர்ச்சிக்குக் கேட்போரும் காரணராவர். ஆலாபனையின் முதல் சில ஒலிகள் எழுந்ததும், 'இது சங்கராபரணமா, கல்யாணியா?' என்று அரங்கில் ஒரு சிந்தனை எழுகிறது. அவ்விரண்டு இராகங்களுக்கும் வேறுபாடு ஒரே சுரத்தில்தான். மத்திமம் சற்று உயர்ந்தால் கல்யாணி. அந்த மத்திமம் தெளிவாக ஒலித்தவுடன் நூறு தலைகள் ஒருங்கே அசைகின்றன. அதனைக் கண்ட பாடகர்க்கு ஊக்கம் பிறக்கிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைப் பலர் தொடையில் போடுகின்றனர். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பின்னர் இருமுறை தட்டும் வீச்சும். சுரக்கோவை சிக்கலான வழிகளில் சுற்றிவந்து உரிய இடத்தில் வந்து பொருந்தும்போது, "ஆகா!" என்னும் ஒலி தானாக எழுகிறது. மேனாட்டு மரபிசை அரங்குகளில் ஒரு படைப்பின் பகுதிகளுக்கு இடையேகூடக் கைதட்டாது அமைதி காப்பர். அதுவும் ஒரு மரியாதை. நம் அரங்கிலோ கேட்போரின் மெல்லிய பாராட்டும் தாளமும் இசையின் பகுதிகளாகவே கலந்துவிடுகின்றன.

இவ்வுண்மையை 2020-ஆம் ஆண்டு நமக்குத் தெளிவாக உணர்த்தியது. கொரோனாத் தொற்றின் காரணமாக அவ்வாண்டு மார்கழியில் பல சபைகள் இணையத்தின் வழியே நிகழ்ச்சிகளை வழங்கின. கலைஞர்கள் வெற்று நாற்காலிகளின் முன்னே படக்கருவியைப் பார்த்துப் பாடினர். குரலில் குறையில்லை, கருவிகளில் குறையில்லை. ஆயினும், அரியதொரு பிடி விழுந்தபோது "ஆகா!" என்பதற்கு எதிரில் ஆள் இல்லை. வீட்டில் கேட்டவரும் அடுத்திருப்பவரின் மகிழ்ச்சியைக் காணவில்லை. அரங்குகள் மீண்டும் திறந்தபோது பாடுவோரும் கேட்போரும் ஒருவரையொருவர் மீண்டும் பெற்றனர்.

'நுட்பமாகக் கேட்பதற்கு நெடுநாட் பயிற்சி வேண்டுமே. ஆலைத் தொழிலாளிக்கு அது கைகூடுமோ?' என்று சிலர் வினவலாம். கடைசல் பட்டறையிலோ உருட்டாலையிலோ பல்லாண்டு பணிபுரிந்த ஒருவரை நோக்குங்கள். பெரும் இரைச்சலுக்கு நடுவிலும், பேரிங் ஒன்றின் ஒலி சற்றே மாறினால் அவர் திரும்பிப் பார்க்கிறார். எந்தப் பொறியில் பழுது என்பதைக் கண்ணால் காணுமுன் காதால் அறிகிறார். சுருதி விலகுவதை அறியும் செவியும் இதே செவிதான். அதற்கு வேண்டியது குலமும் அன்று, செல்வமும் அன்று, கேட்கும் வாய்ப்பே.

அவ்வாய்ப்பு இன்று உண்டு. பல சபைகளில் பகல் நேரத்து இளங்கலைஞர் நிகழ்ச்சிகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சென்னை நடுவண் நிலையத்தில் இறங்குவோர்க்குப் பாரிமுனைப் பக்கத்திலுள்ள தமிழ் இசைச் சங்கத்தின் இராசா அண்ணாமலை மன்றம் மிகுந்த தொலைவு அன்று. அரங்கே மக்களை நாடிச் சென்றதும் உண்டு. 2015-இல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் வாழும் இடத்திலேயே கலைவிழா நடைபெற்றது. ஆலைகள் நிறைந்த ஊர்களிலும் இத்தகைய விழாக்கள் மலர்தல் வேண்டும்.

அரங்கிற்குச் செல்வோர் சில கடமைகளையும் அறிதல் நலம். கைப்பேசியை அடக்கி வைத்தல் வேண்டும். பாடல் நடுவே பேசுதலும் எழுதலும் ஆகா. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச் சாலையை நோக்கி எழுந்து செல்லும் வழக்கம் பலரிடம் உள்ளது. இரண்டு மணி நேரம் பாட்டைத் தாங்கி நின்ற மிருதங்கக் கலைஞர், தமக்கென்று உரிய சில நிமிடங்களில் காலி இருக்கைகளைக் காண்பது எத்துணைத் துன்பம்! கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர் வாயிலின் அருகே அமர்ந்து, ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஓசையின்றி எழுந்து செல்லலாம்.

இரவு வண்டி எண்ணூரைக் கடந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. சாளரத்தின் அருகே ஒருவர் அமர்ந்திருக்கிறார். விடிந்தால் ஆலை வேலை. ஆயினும், அவர் விரல்கள் தொடையின்மேல் எட்டு எண்ணிக்கையை எண்ணிக்கொண்டே இருக்கின்றன. பாடியவர் மேடையை விட்டு இறங்கிவிட்டார்; கேட்டவரிடத்தில் பாட்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பாடுவோர் பலர் தோன்றலாம். நன்கு கேட்போர் இருக்கும் நாட்டிலேயே இசை நிலைத்து வாழும்.