தேவையைச் சொல்லி வாங்குங்கள், சொன்னதை எழுதி வாங்குங்கள்

கொழும்பில் லப்டொப் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடுதான் கடைக்குள் நுழைகிறார். புரொசசர் என்ன, ராம் எவ்வளவு, விலை எவ்வளவு? பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் என்றாலும், வெள்ளவத்தைக் காலி வீதியில் என்றாலும், கொட்டாஞ்சேனையின் ஒரு சிறு கடையில் என்றாலும், விலைப்பட்டியல் அந்த மூன்றுக்குத்தான் விரிவாகப் பதில் சொல்கிறது. திரைக்குக் கிடைப்பது "15.6 அங்குலம், புல் எச்டி" என்ற ஒரு வரி மட்டுமே. ராம் போதாவிட்டால் பல மாதிரிகளில் பிறகு கூட்டிக்கொள்ளலாம், எஸ்எஸ்டியையும் மாற்றலாம். மங்கலான திரையோடு வந்த லப்டொப்பை, அது பழுதாகும் வரை அப்படியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாள் முழுவதும் கண் தொடும் பாகம் அதுவே, விற்பனையில் மிகக் குறைவாகப் பேசப்படும் பாகமும் அதுவே. பேசப்படாத ஒன்று பில்லில் ஏறாது. பில்லில் ஏறாத ஒன்றைப் பற்றி முறையிடுவதும் கடினம். ஆகவே திரையைத் தெரிவது தொழில்நுட்ப அறிவோடு முடிந்துவிடும் காரியமல்ல. தன் தேவையை முதலில் தெளிவாகச் சொல்பவருக்கு நல்ல திரை கிடைக்கும் வாய்ப்பும் கூடும், அது தவறினால் சட்டத்தின் துணையும் கூடும்.

அந்த ஒற்றை வரி மறைப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். 15.6 அங்குலத் திரையில் 1366க்கு 768 புள்ளிகள் இருந்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 புள்ளிகள் அமையும். அதே அளவில் 1920க்கு 1080 என்றால் 141. ஆங்கில எழுத்துக்கு 100 போதும் என்று தோன்றலாம். தமிழில் ணகரத்தின் சுழிகளும், மெய்யின் தலையில் நிற்கும் புள்ளியும், ஐகாரக் கொம்பும் சிறிய எழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கலங்கும். தமிழிலோ சிங்களத்திலோ நாள் முழுவதும் வாசித்துத் தட்டச்சு செய்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. அடுத்தது ஒளிர்வு. இதை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். மலிவான லப்டொப்களில் 220 முதல் 250 நிட் வரை சாதாரணம். உள் அறைக்கு அது போதும். வெயில் விழும் ஜன்னலோரத்துக்கு 300க்கு மேல் வேண்டும். மூன்றாவது, திரைப் பலகையின் வகை. டிஎன் வகையைச் சற்றுப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே நிறம் மாறும், ஐபிஎஸ் வகையில் அந்தக் குறை மிகவும் குறைவு. நான்காவது, நிறப் பரப்பு. "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் கண்டால், இணையப் படங்களுக்குரிய எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும் என்று பொருள். "72 சதவீதம் என்டிஎஸ்சி" என்பது அவற்றை ஏறக்குறைய முழுமையாகக் காட்டும். புல் எச்டி என்ற வரி புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டுமே உறுதி செய்கிறது. மற்ற மூன்றும் எப்படியும் இருக்கலாம்.

இவற்றில் எது முக்கியம் என்பதைப் பாவிப்பவரின் வேலைதான் தீர்மானிக்கிறது. வெள்ளவத்தையில் சேலை விற்பவர் படமெடுத்து, திருத்தி, வாட்ஸ்அப்பில் லண்டனுக்கும் டொரோண்டோவுக்கும் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறப் பரப்புக் குறைந்த திரையில் அரக்குக்கும் செம்மண் நிறத்துக்கும் இடையிலான வேறுபாடு மங்கும். அவர் சரியென்று அனுப்பிய நிறத்தை வாங்குபவர் வேறாகக் காண்பார். அவருக்கு 72 சதவீதத் திரை தொழில் கருவி. உயர்தரப் பரீட்சைக்கு இணைய வகுப்பில் இருக்கும் மாணவருக்கு நிறம் இரண்டாம் பட்சம். எழுத்தின் தெளிவும், தம்பி தங்கை பக்கத்தில் இருந்து பார்த்தாலும் கெடாத ஐபிஎஸ் பலகையும் அவருக்கு முதன்மை. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு வீடியோவில் பேசும் முதியவருக்கு, உயர்ந்த புள்ளி அடர்த்தி கொண்ட சிறிய லப்டொப்பைவிட, அங்குலத்துக்கு 92 புள்ளிகளே உள்ள 24 அங்குல மொனிட்டர் வசதியாக இருக்கும். எழுத்தும் முகமும் பெரிதாகத் தெரிவதே அவருக்கு வேண்டியது. வங்கிக் கணக்குத் தாள்களோடு பகல் முழுவதும் இருப்பவர், கண்ணாடிபோல் பளபளக்கும் திரையைத் தவிர்த்து, மின்விளக்கின் பிம்பம் விழாத மேற்பரப்பைத் தெரிய வேண்டும். ஒரே விலையில் நாலு பேருக்கு நாலு வேறு திரைகள் சரியாகலாம்.

விளம்பரச் சொற்கள் இந்த வேறுபாடுகளைத் தெளிவாக்குவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் குழப்புகின்றன. "எல்ஈடி மொனிட்டர்" என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை எல்சிடி திரைகள்தாம். பின்னாலிருந்து ஒளி கொடுக்கும் விளக்கு மட்டும் எல்ஈடி. பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற "டைனமிக் கொன்ட்ராஸ்ட்", பின்விளக்கைக் கூட்டிக் குறைத்துப் பெறும் எண். அதே ஐபிஎஸ் திரையின் உண்மையான ஒளி வேறுபாடு பெரும்பாலும் ஆயிரத்துக்கு ஒன்று அளவில்தான் இருக்கும். நீல ஒளியிலிருந்து கண்ணைக் காப்பதாகச் சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கப்படும் கண்ணாடிகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. கணினித் திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்பது அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமியின் நிலைப்பாடு. 2023இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் அத்தகைய கண்ணாடிகள் குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதாகக் காணவில்லை. நாம் திரையை உற்றுப் பார்க்கையில் இமைப்பது குறைந்து கண் வறள்வது களைப்புக்கு ஒரு முக்கிய காரணம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில், 20 விநாடி பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. விளம்பர எண்ணைச் சட்டம் கட்டுப்படுத்த முடியாது என்றும் நினைக்கத் தேவையில்லை. பழைய குழாய் மொனிட்டர்களின் அளவில் வெளிச்சட்டகத்துக்குள் மறைந்திருக்கும் பகுதியையும் சேர்த்து எண்ணியதற்காக 1990களில் கலிபோர்னியாவில் வழக்கு வந்தது. அதன் பிறகே கண்ணுக்குத் தெரியும் அளவையும் விளம்பரத்தில் தனியாகக் குறிக்கும் வழக்கம் வந்தது.

இலங்கையில் இதற்குரிய சட்டம் வியக்கத்தக்க அளவுக்குப் பழையது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. வாங்குபவர் தன் குறிப்பிட்ட தேவையை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் நியாயமான அளவில் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே ஒப்பந்தத்தில் சேரும். ஆனால் அதோடு ஒரு விலக்கும் உண்டு. குறிப்பிட்ட பொருளை அதன் வர்த்தகப் பெயரைச் சொல்லியே வாங்கினால், தேவைக்குப் பொருந்தும் என்ற அந்த நிபந்தனை கிடையாது. "இந்த பிராண்டில் இந்த மொடல் தாருங்கள்" என்று மட்டும் கேட்பவர் தனக்கே தெரியாமல் ஒரு பாதுகாப்பைக் கைவிடுகிறார். 1920களில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதைத் தெளிவாக்குகிறது. சுகமாக நெடும்பயணம் போக ஒரு கார் வேண்டும் என்று ஒருவர் கேட்க, விற்பவர் புகாட்டி காரைப் பரிந்துரைத்தார். அது அந்தத் தேவைக்கு உதவவில்லை. பெயர் சொல்லி வாங்கிய கார் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தேவையைச் சொல்லி, விற்பவரின் பரிந்துரையை நம்பி வாங்கியதே அங்கு முக்கியமாயிற்று. நம் சட்டமும் அதே மூலத்திலிருந்து வந்ததால் பாடம் இங்கும் பொருந்தும். "சேலைப் படங்களின் நிறத்தைத் திருத்தத்தான் இது வேண்டும், எது பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்ற ஒரு வாக்கியத்துக்குச் சட்டத்தில் எடை உண்டு.

அதே சட்டம் வாங்குபவர் மீதும் ஒரு பொறுப்பைச் சுமத்துகிறது. பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் அதைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்ற கடைப்பேச்சுக்குப் பின்னால் இந்த விதி நிற்கிறது. ஆகவே பார்ப்பதென்றால் முழுமையாகப் பார்க்க வேண்டும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒற்றை நிறப் படங்களை முழுத்திரையில் ஓட்டினால் செத்த புள்ளிகளும் ஓரத்தில் கசியும் ஒளியும் தெரியும். ஒளிர்வை உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சிறிய தமிழ் எழுத்தைத் திறந்து வாசிக்க வேண்டும். கையில் உள்ள ஒரு துணியின் படத்தைத் திரையில் போட்டுத் துணியோடு ஒப்பிட வேண்டும். செத்த புள்ளி விடயத்தில் தயாரிப்பாளரின் விதி என்ன என்றும் கேளுங்கள். 2001இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரத்தின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் புள்ளிகளுக்கு எப்போதும் ஒளிரும் புள்ளி இரண்டை அனுமதித்தது. புல் எச்டி திரையில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் இருப்பதால், நான்கு புள்ளிகள் எரிந்துகொண்டே இருந்தாலும் அந்தத் தரத்தின்படி அது குறையாகக் கணக்கில் வந்திருக்காது. 2008இல் ஐஎஸ்ஓ 9241-307 அதன் இடத்தைப் பிடித்தாலும், எத்தனை புள்ளிகள் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. வாங்கிய பிறகு இதை அறிவதால் பயன் இல்லை.

அந்தப் பழைய சட்டத்துக்கு மேல் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை அதன் 30ஆம் பிரிவும், பொருளின் தரம் பற்றிய பொய்யான கூற்றை 31ஆம் பிரிவும் தடை செய்கின்றன. டிஎன் பலகையை ஐபிஎஸ் என்று சொல்லி விற்பது இதற்குள் வரும். வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தரப்பட்ட உத்தரவாதத்துக்கு ஏற்பப் பொருள் அமையாவிட்டால் 13ஆம் பிரிவின் கீழ் முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு, மாற்றுப் பொருள் அல்லது பணத்தைத் திருப்பித் தருதல் என்று உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. உத்தரவாதத் தாளையும் கடையிலேயே வாசியுங்கள். ஒரு வருடம் என்று சொல்லிவிட்டு 350 நாள் என்று பொடி எழுத்தில் போடும் பில்கள் கொழும்பில் புதிதல்ல. உப்புக்காற்று வீசும் வெள்ளவத்தைக் கடற்கரையோரத் தொடர்மாடிகளில் வசிப்பவர்கள், துருப்பிடித்தலுக்கு உத்தரவாதம் இல்லை என்ற வரி இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் இதையெல்லாம் எழுதித் தருவாரா, வற்புறுத்தினால் வேறு கடைக்குப் போங்கள் என்பாரே என்று கேட்கலாம். முழு விவரத்தையும் எழுத வேண்டியதில்லை. கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வணிகரின் கடமை. அதில் மொடல் இலக்கத்தை முழுமையாகவும், "ஐபிஎஸ், 300 நிட்" என்ற இரண்டு விவரங்களையும் சேர்க்கச் சொன்னால் போதும். ஒரே மொடல் பெயரில் வெவ்வேறு திரைப் பலகைகள் வருவதால் முழு இலக்கம் அவசியம். அதுவும் மறுக்கப்பட்டால், போவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் தேவையை எழுதிக் கேளுங்கள். அங்கு வரும் பதில், பின்னர் தகராறு வந்தால், வாய்ப்பேச்சைவிட வலுவான சான்று. எழுதவும் மாட்டேன், பதில் அனுப்பவும் மாட்டேன் என்பவர் தன் பொருளைப் பற்றிச் சொல்வதைத் தானே நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

2022இல் ரூபாய் சரிந்து, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் 360 ரூபாய் வரை ஏறிய பிறகு, நல்ல திரை என்பதே வசதியானவர்களின் பேச்சு என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. பணம் குறைவாக உள்ளவர்தான் தேவையை நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும் என்பதே அதற்குப் பதில். கடிதமும் கணக்கும் மட்டும் செய்பவருக்கு விலைகூடிய புரொசசர் வேலையில்லாமல் கிடக்கும். அந்தப் பணத்தைத் திரைக்குத் திருப்பலாம். வீட்டை விட்டு நகராத கணினி என்றால் மலிவான லப்டொப்போடு தனி மொனிட்டர் ஒன்றைச் சேர்ப்பது பலருக்குச் சிக்கனம். பாவித்த லப்டொப் வாங்குவதும் நியாயமான வழிதான், ஆனால் திரை மாற்றப்பட்டதா என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். நிறப் பரப்பு மிகக் குறைந்த மலிவுத் திரை பாடம் படிக்கும் மாணவருக்குப் போதுமானதாக இருந்தால், அதை வாங்குவது தவறான தெரிவல்ல. தெரிந்து வாங்கியது என்பதே முக்கியம்.

ஒரு திரைக்காக யார் முறைப்பாடு, வழக்கு என்று அலைவது என்ற சலிப்பு மீதி. அலைச்சல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குறையைப் படமெடுத்துத் திகதியோடு அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் 1977 என்ற இலக்கத்தில் அதிகாரசபையை அழைக்கலாம், கொழும்பு 2 வொக்சோல் வீதியில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் முறையிடலாம். மத்தியஸ்த சபையும் ஒரு வழி. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவை இணக்கத்தின் மூலம் தீர்வு தேடுகின்றன. விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்ற அச்சு வரியைக் கண்டு பின்வாங்க வேண்டாம். ஒரு பக்கத்தார் தமக்கு வசதியாக எழுதிக்கொள்ளும் நிபந்தனைகளுக்கு 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் எல்லை வகுக்கிறது. இந்த வழிகளில் எதிலும் உங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: என்ன சொல்லி விற்றார்கள், அதற்கு என்ன ஆதாரம்? கடைக்குள் நுழையும் முன் தேவையை ஒரு தாளில் மூன்று வரியாக எழுதிக்கொண்டு போகிறவரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்.