பனியை அள்ளாதே... அமுக்கு!

ரோடு போடுற ரோலர் தெரியும். கிரிக்கெட் பிட்ச்சுல உருட்டுற ரோலரும் தெரியும். பனியில ஓட்டுற ரோலர் தெரியுமா? ‘காமெடி பண்ணாதீங்க பாஸ்’னு சொல்லாதீங்க. அமெரிக்கா, கனடாவுல பனி கொட்டுற ஊர்கள்ல இதை வீட்டு ஷெட்லயே செய்றாங்க!

எதுக்கு? புதுசா விழுந்த பனியில பத்துல ஒன்பது பங்கு வெறும் காத்துதான். கால் வச்சா முழங்கால் வரைக்கும் உள்ளே போகும். பனிச்சறுக்கு, சைக்கிள் எதுவும் நடக்காது. பாதையை இறுக்கித் தர்ற பெரிய மெஷின்களோ லட்சக்கணக்கான டாலர். நாலைந்து வாலன்டியர்கள் சேர்ந்து நடத்துற குட்டி கிளப் அதை வாங்க முடியுமா? ரோலர் இல்லேன்னா அவங்களுக்குப் பாதையே இல்லை!

ஐடியா பழசுதான். 19-ம் நூற்றாண்டுக் கடைசியில, அமெரிக்காவோட வெர்மான்ட் பகுதியில ராட்சத மர உருளைகளைக் குதிரை பூட்டி இழுத்தாங்க. சக்கரமில்லாத பனிவண்டி வழுக்கிட்டுப் போக, இறுகின பனி வேணும். கூரை போட்ட மரப்பாலங்களுக்குள்ள பனி விழாதே... அதனால அங்கே மட்டும் ஆளுங்களே பனியை வாரிக் கொட்டினாங்கன்னா பாருங்களேன்!

இன்னிக்கு ஃபார்முலா ரொம்ப சிம்பிள். ரோட்டுக்கு அடியில தண்ணி போகப் புதைக்கிற, வரி வரியா மேடு பள்ளம் உள்ள பிளாஸ்டிக் குழாய்ல ஒரு துண்டு. ரெண்டு முனையையும் பிளைவுட் வட்டத்தால மூடணும், இல்லேன்னா உள்ளே பனி ரொம்பிடும். நடுவுல இரும்பு அச்சு, பேரிங். சுத்தி ஒரு ஃப்ரேம். இழுக்க ஸ்னோமொபைல்.

ரெண்டு விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒண்ணு, உருளையோட விட்டம். சின்னதா இருந்தா அது பனி மேல ஏறாது, முன்னாடி குவிச்சுத் தள்ளிட்டே போகும். ரெண்டாவது, இணைப்பு. கயிறு கட்டி இழுத்தா, இறக்கத்துல ரோலர் ஓடி வந்து ஓட்டுறவர் முதுகுலயே மோதும். அதனால இரும்புக் கம்பி இணைப்புதான் சேஃப்.

இப்போ சயின்ஸ்! உருட்டினவுடனே பாதை ரெடியாகிடாது. உருளை காத்தை வெளியேத்தி, பனித் துகள்களை நெருக்கமா உட்கார வைக்கும். அதுக்கப்புறம் துகள்கள் தொட்டுக்கிற இடமெல்லாம் மெள்ள மெள்ள ஒட்டிப் பாலம் போட்டுக்கும். இதுக்குப் பேரு ‘சின்டரிங்’. அதுக்கு சில மணி நேரம் ஆகும். அதனாலதான் சாயங்காலம் உருட்டிட்டு, ராத்திரி முழுக்க யாரும் மிதிக்காம விடுறாங்க. காலையில கெட்டியா இருக்கும்!

இன்னொரு ப்ளஸ், பனி கம்மியா விழுந்தாலும் ரோலர் அதைச் சுரண்டாது, இருக்குறதை இறுக்கி வைக்கும். இறுகின பனி சீக்கிரம் கரையவும் செய்யாது. பனிக்காலம் சுருங்கிட்டு வர்ற இந்த நாள்ல, அந்த கிளப்புகளுக்கு ஒவ்வொரு அங்குலமும் பொக்கிஷம்.

சோ ஃப்ரெண்ட்ஸ், பட்ஜெட் இல்லேன்னு உங்க புராஜெக்ட்டை மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி, உங்க ஷெட்ல என்ன குழாய் கிடக்குதுன்னு ஒரு தடவை பார்த்துடுங்க!