எத்தனை கிளாஸ் தண்ணி குடிக்கணும்?

“டிரெசர் ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் தண்ணி குடிக்கணும்?” என்று கிளினிக்கில் அடிக்கடி கேட்கிறீர்கள். எட்டு கிளாஸ் என்று எங்கோ கேள்விப்பட்டிருப்பீர்கள். விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் கிராணிக்கு அது போதும். வெயிலில் செம்பனைக் குலை வெட்டிச் சுமக்கிறவருக்கு ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டர் வேர்வை போய்விடும். அவருக்கு எட்டு கிளாஸ் எந்த மூலைக்கு?

வேலைக்காட்டில் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் குடியுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாலு மணி நேர வேலைக்கு மூன்று, நாலு லிட்டர் வேண்டும். ஒரு சின்னப் போத்தல் காணாது. அதற்காக ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் மடக் மடக்கென்று குடிக்கவும் கூடாது. இரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும், மயக்கமே வரும். தேத்தண்ணியும் கணக்கில் சேரும். இனிப்புநீர்க்காரர்கள் சீனி போடாமல் குடிக்கவும். கள்ளும் பீரும் சேராது, அண்ணன்மார்களே! சிறுநீரகம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும்.

குடித்தது போதுமா என்று மூத்திரத்தின் நிறமே சொல்லும். வைக்கோல் நிறம் நல்லது. தேத்தண்ணிச் சாயம் போல் போனால், உடம்பு வலியும் இருந்தால், உடனே கிளினிக்குக்கு வாருங்கள். வெயிலில் ஒருவர் உளறினாலோ மயங்கி விழுந்தாலோ நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 999க்கு அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அக்கா தங்கைமார்களுக்கு ஒரு விஷயம். உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள் பலர் காலையிலிருந்து பகல்வரை சொட்டுத் தண்ணி குடிப்பதில்லை. காரணம் எனக்குத் தெரியும்: ஒதுங்க இடமில்லை. குடிக்காமலும் அடக்கியும் வைப்பதால்தான் நீர்க்கடுப்பு என்று திரும்பத் திரும்ப வருகிறீர்கள். மருந்து கொடுக்கிறேன், அடுத்த மாதம் மறுபடி அதே எரிச்சல். வேலைக்காட்டில் கக்கூஸ் இல்லாதது உங்கள் குற்றமா? வெட்கப்படாமல் கிளைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஆண்களும் கூடச் சேர்ந்து கேட்கட்டும். அதுவரைக்கும் இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் காவல் நிற்க, மறைவாகப் போய் வாருங்கள். தண்ணியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

எரிச்சலோடு குளிர்காய்ச்சலும் முதுகுவலியும் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிகள் இலேசான எரிச்சலுக்கே அன்றைக்கே வந்துவிட வேண்டும். அது சிறுநீரகம் வரை ஏறினால் குறைமாதப் பிரசவம் ஆகக்கூடும்.